விண்ணின் மௌனமும் இரத்தினபுரிக் குழியும்

சபரகமுவ மலைச்சாரலில், தேயிலைத் தோட்டங்களுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே, இரத்தினக்கல் தேடுவோர் குழி அகழ்கின்றனர். 'இல்லம்' என அவர்கள் வழங்கும் பரற்படையைக் கூடையிலிட்டு நீரில் அரிக்கின்றனர். ஒரு கூடையிற் கல் அகப்படாமையால் இரத்தினபுரியிற் கல்லே இல்லையென எவரும் முடிவு கட்டுவதில்லை. வானத்தைப் பற்றிய பெருவினா ஒன்றினை ஆராய்வதற்கும் இவ்வுண்மை துணைசெய்யும்.

பால்வீதியில் 10,000 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள. அவற்றுட் பலவற்றைக் கோள்கள் சூழ்ந்து வருகின்றன. அங்ஙனமாயின், அறிவுடைய பிற உயிர்களின் அடையாளம் ஒன்றேனும் காணப்படாதது ஏன்? இவ்வினாவை 1950 இல் என்றிக்கோ பெர்மி எழுப்பினார். 1960 இல் பிராங் திரேக் வானொலித் தொலைநோக்கியை இரு விண்மீன்கள்பாற் திருப்பிச் செவிசாய்த்தார், பயன் கிட்டிற்றில்லை. பின்னர் நிகழ்ந்த தேடல்களிலும் ஐயமற்ற சான்று கிடைக்கவில்லை.

அறிவுடைய உயிர் தோன்றுதலே மிக அரிது என்பர் ஒரு சாரார். தோன்றினும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் மறுக்கப்பட்டில. எனினும், அரித்துப் பார்த்த கூடைகள் மிகச் சில என்பதை மறத்தல் ஆகாது.

இடத்தினும் பெரிய தடை காலமாகும். தோட்டத்து லயத்தில் ஒருவர், ஒலிபரப்பு முடிந்தபின் வானொலிப் பெட்டியைத் திறப்பாராயின் வெறும் இரைச்சலையே கேட்பர். நிலையமே இல்லை என்பது அதன் பொருளன்று.

குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலெனக் குகையில் 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் சிறு கற்கருவிகள் செய்தனர். அக்காலத்தில், 25,000 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து ஓர் அழைப்புப் புறப்பட்டிருப்பின், அஃது ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் பூமியைக் கடந்து சென்றிருக்கும். அன்று மனிதன் இருந்தான், வானொலி இல்லை. அதனைக் கேட்கும் கருவி நம் கைக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே மேலாகின்றது.

1974 இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ நிலையத்திலிருந்து, அத்துணைத் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டமொன்றிற்குச் செய்தி அனுப்பப்பட்டது. மறுமொழி வருமாயினும் அதற்கு 50,000 ஆண்டுகள் செல்லும். அனுப்பிய பெருங்கருவியோ 2020 இல் இடிந்து வீழ்ந்தது.

இரத்தினக் குழிகளிலிருந்து சிங்கம், காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எச்சங்களும் வெளிப்பட்டுள. இன்று இலங்கைக் காடுகளில் அவை இல்லை. உயிரினம் தோன்றுதல் வேறு, நிலைத்தல் வேறு. இரு நாகரிகங்கள் ஒன்றையொன்று அறியவேண்டுமாயின், இரண்டும் நெடுங்காலம் நிலைத்திருத்தல் வேண்டும். ஆகவே, விண்ணின் மௌனம் பிறர் இன்மைக்குச் சான்றாகாது. அவர் உளரா என்னும் வினா, நாம் எத்துணைக் காலம் நிலைப்போம் என்னும் வினாவாக நம்மிடமே திரும்பி வருகின்றது. அதற்கு விடை கூறும் பொறுப்பு மனிதனுடையதே.