துவக்குக் கொல்லனும் வீட்டுப் பட்டறையும்



கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் பெருந்தெரு வழியே செல்வோர், இரும்பு கடையும் ஓசையை இடையிடையே கேட்டிருப்பர். அரிசி ஆலையின் தேய்ந்த தண்டு, உழவு இயந்திரத்தின் உறை, மீன்பிடிப் படகின் விசிறித்தண்டு ஆகிய யாவும் கடைசற்பட்டறைக்கே வந்து சேர்கின்றன. தொழிலாகவன்றி, ஓய்வுநேர விருப்பாகவும் வீட்டின் பின்புறத்தே சிறியதொரு கடைசற்பொறியை வைத்துப் பழகுவோர் உலகெங்கும் உளர். இங்கிலாந்தில் அத்தகையோருக்கெனவே 1898ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகை தோன்றியது. இரும்பைக் கடையவும் துளைக்கவும் கற்றுக்கொண்ட ஒருவர் உள்ளத்தே, "துவக்கொன்று செய்து பார்த்தால் என்ன?" என்ற எண்ணம் எழுதல் கூடும். அவ்வெண்ணத்தை வெறும் அதட்டலால் அடக்கிவிடுதல் போதாது. துவக்குக் கொல்லனின் கலை யாது, அஃது எவற்றைத் தாங்கி நின்றது, அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது எது, விலக்கத்தக்கது எது என்பவற்றை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

துவக்கு, துப்பாக்கி என்னும் இரு சொற்களும் துருக்கி மொழிச் சொல்லினின்றும் வந்தன என்பர் அறிஞர். பீரங்கி என்பதோ, ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்னும் சொல்லோடு உறவுடையது. சொற்கள் வெளியே இருந்து வந்தாலும், தொழில் விரைவிலேயே நம் நாட்டுக் கைகளிற் படிந்துவிட்டது. 1505ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் கொழும்புத் துறையில் வந்திறங்கியபோது, அவர்களுடைய பீரங்கியின் முழக்கம் மக்களுக்குப் பெருவியப்பாயிருந்தது. அதற்கு நூறாண்டு கழியுமுன்பே நிலைமை மாறிற்று. 1583 முதல் ஐந்தாண்டளவு கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தர் லின்ஸ்கோதன், 1596இல் வெளியான தம் நூலில், இலங்கைக் கம்மியர் செய்யும் துவக்குக் குழல்களின் அழகையும், வெள்ளிபோல் அவை மின்னும் பான்மையையும் வியந்து புகழ்ந்திருக்கின்றார். கண்டியரசின் துவக்குகள் இன்றும் பல நூதனசாலைகளிற் காணப்படுகின்றன. அவற்றின் விசைப்பொறி பெரும்பாலும் இடப்புறத்தே அமைந்திருக்கும். அடிக்கட்டை இரு பிளவாய் வளைந்து, கொடி வேலைப்பாடும் தந்தம் வெள்ளிப் பதிப்பும் கொண்டு விளங்கும்.

இதற்கு அடிப்படையாயிருந்தது இந்நாட்டின் உருக்குத் தொழில். தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பு உருக்கிய உலைகள் சமனல வாவிப் பகுதியிற் கண்டறியப்பட்டுள்ளன. அவ்வாய்வின் முடிவுகள் 1996இல் வெளியாயின. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கையும் குறிப்பிட்டிருக்கின்றார். நமது கரையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. போர்த்துக்கேயரால் 1626இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தியவன் கண்டி மன்னன் செனரத் ஆவான்.

கண்டியரசின் கைவண்ணத்துக்குச் சான்றாகச் சிறு பீரங்கியொன்று உண்டு. லெவ்கே திசாவை 1745இல் அரசனுக்கு அளித்த அப்பீரங்கி, பொன், வெள்ளி, மாணிக்கம் ஆகியவற்றால் அணிசெய்யப்பட்டது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது அதனை எடுத்துச் சென்றனர். நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையிலிருந்த அது, 2023ஆம் ஆண்டிலேதான் இலங்கைக்கு மீண்டது.

இனித் துவக்கின் அமைப்பை நோக்குவோம். குழல், விசைப்பொறி, கட்டை என அதற்கு மூன்று உறுப்புகள். குழலை நேராகத் துளைத்தல் ஒரு கலை. துளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விட்டம் மாறாதிருத்தல் வேண்டும். விசைப்பொறியில், நெம்புகோலும் வில்லும் குதிரையும் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாது பொருந்தல் வேண்டும். வில்லுக்கு ஏற்ற அளவு உருக்கைக் காய்ச்சித் தோய்த்துப் பதப்படுத்தல் வேண்டும். பதம் மிகின் முறியும், குறையின் தளரும். கட்டை செய்வோன் மரத்தின் ஓட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே துவக்குக் கொல்லன் என்பவன் இரும்புக் கொல்லன், பூட்டுக் கொல்லன், தச்சன் ஆகிய மூவரும் ஒருவனாய்த் திரண்டவனே.

இவற்றினும் மேலான இலக்கணம் ஒன்றுண்டு. அது சோதனை. இலண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் நகரின் சோதனைச் சாலை 1813இல் நிறுவப்பட்டது. குழல் ஒவ்வொன்றையும் வழக்கமான அளவினும் மிக்க மருந்திட்டு, ஆளில்லாத அறையில் வெடித்து, வெடிப்போ வீக்கமோ உண்டாவென ஆராய்ந்து, பின்னரே முத்திரையிடுவது அங்குள்ள முறை. முத்திரையில்லாத குழலை நல்ல கொல்லன் விற்கமாட்டான். இச்சோதனையின் இன்றியமையாமையை ஓர் எண் விளக்கும். 12 போர் எனப்படும் வேட்டைத் துவக்கில் தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தம், சதுர அங்குலத்துக்குப் பத்தாயிரம் இறாத்தலை அடையும். வீட்டுக் குழாயில் ஓடும் தண்ணீரின் அழுத்தமோ அதே அளவிற் சில பத்து இறாத்தல் மட்டுமே. தண்ணீருக்கெனச் செய்த குழாயை நெருப்புக்கு இரையாக்குவோன், தன் கையையும் கண்ணையும் அதற்குப் பந்தயமாக வைக்கின்றான்.

இது வெறுங் கற்பனையன்று. நெல்வட்டைகளைப் பன்றியும் யானையும் அழிப்பதனால் உழவர் படும் துயரை நாம் அறிவோம். வாடியிற் காவலிருந்து, இரவெல்லாம் விழித்து, விடியலில் மிதிபட்ட கதிர்களைக் காணும் முல்லைக்காரன் மனம் என்ன பாடுபடும்! அத்துயரிலிருந்தே 'இடியன்' எனப்படும் நாட்டுத் துவக்கும், 'கட்டுத்துவக்கு' எனப்படும் பொறியும் ஒளிவிற் செய்யப்படுகின்றன. கட்டுத்துவக்கின் கொடுமை, அதற்குக் கண் இல்லாமையே. வழியின் குறுக்கே கட்டிய கம்பியைத் தொடுவது பன்றியா, விறகு வெட்டச் சென்ற தாயா, மாட்டைத் தேடிச் சென்ற சிறுவனா என அது பார்ப்பதில்லை. காட்டோர மாவட்டங்களின் மருத்துவமனைகளுக்கு இதனாற் காலிழந்தோர் கொண்டுவரப்படுகின்றனர். உயிரிழந்தோரும் உளர், சிறுத்தையும் யானையும் மடிவதும் உண்டு. வைத்தவனே மறந்து மிதித்த கதைகளும் உண்டு.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகின்றது. இச்சட்டத்தை வெறும் தடையென்று எண்ணற்க. இலண்டனிற் சோதனை முத்திரை எதைச் செய்ததோ, அதையே இது நம் நாட்டிற் செய்கின்றது. யார் செய்தது, யார் பொறுப்பு என்ற இரு வினாக்களுக்கும் விடை தெரியாத துவக்கு ஊருக்குள் இருத்தலாகாது என்பதே இரண்டின் கருத்துமாகும். பயிர்க் காவலுக்குத் துவக்கு வேண்டுவோர், மாவட்டச் செயலகத்தின் வழியே முறைப்படி விண்ணப்பிக்க இடமுண்டு. வேலியும், கூட்டுக் காவலும், ஒளியும் ஒலியும் துணை நிற்கும் வழிகளும் உண்டு.

அப்படியாயின், துவக்குக் கொல்லனின் கலையிலிருந்து வீட்டுப் பட்டறைக்காரர் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுமில்லையா? நிரம்ப உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் பொறிகளுட் பல, துவக்குத் தொழிலின் மடியில் வளர்ந்தவையே. 1774இல் ஜோன் வில்கின்சன் என்னும் ஆங்கிலேயர், பீரங்கிக் குழலைத் துளைப்பதற்குப் புதிய முறையொன்றை அமைத்தார். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்துக்குச் செம்மையான உருளை கிடைக்காது இடர்ப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வில்கின்சனின் துளைப்புக் கலையே அவ்வுருளையை அவருக்கு அளித்தது. ஊரை அழிக்கும் துளை, நீரை இறைக்கும் துளையாயிற்று. இன்னும், பிரான்சில் ஒனோரே பிளாங் என்பவர், ஒரே அச்சில் வார்த்தாற்போல ஒத்த விசைப்பொறி உறுப்புகளைச் செய்தார். 1785இல் அவருடைய பட்டறைக்குச் சென்ற அமெரிக்கத் தூதர் தோமஸ் ஜெபர்சன், குவியலிலிருந்து கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே பொருத்திப் பார்த்து, அவை யாவும் பொருந்தக் கண்டார். இன்று நமது மிதிவண்டிக்கும் தையற்பொறிக்கும் கடையில் மாற்றுறுப்பு கிடைக்கின்றதெனின், அதன் மூதாதை அத்துவக்குப் பொறியே.

ஆகவே கடைசற்பொறியுடையோர் இக்கலைகளையே பயிலலாம். நேரான துளை பழக விரும்புவோர், சிறு நீராவி எந்திரத்தின் உருளையொன்றைத் துளைத்துப் பார்க்கட்டும். அதனைக் கொதிகலனின் துணையின்றி, சைக்கிள் பம்பின் காற்றைக்கொண்டே ஓட்டி மகிழலாம். விசைப்பொறியின் நுட்பத்தை நாடுவோர், பழைய பெட்டகத்துக்கு வில்லும் நெம்பும் பொருந்திய பூட்டொன்று செய்யட்டும். வில்லைப் பதப்படுத்தும் அருமை அதனிலே தெளிவாகும். திருகு வெட்டப் பழகுவோர், பாரந்தூக்கும் திருகு யாக்கொன்றை அமைக்கட்டும். உழவு இயந்திரம் சேற்றில் அமிழும் நாளில் அது கைகொடுக்கும். அழகை விரும்புவோர், லெவ்கே பீரங்கியின் உருவைப் பித்தளையிற் சிறிதாகக் கடைந்து, கொடி வேலை செதுக்கி, மேசைமேல் வைக்கட்டும். ஆனால் அது துளையற்ற திண்மப் பித்தளையாகவே இருக்கட்டும். அணிவேலையின் திறமெல்லாம் புறத்தே உள்ளது. துளையிட்டால் அழகு கூடப்போவதில்லை.

ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் சோதனை முத்திரையை மறவாதிருத்தல் வேண்டும். அளவுகோலால் அளந்து, பாரமேற்றிப் பார்த்து, "இஃது என் வேலை, இதனால் எவர்க்கும் தீங்கு நேராது" என்று கூறத்தக்கதையே பட்டறையினின்றும் வெளியே விடுக. அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை அளக்கப் பழகிய கையுடையார்க்கு இது பெரிய சுமையன்று. இக்கரை 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும், 2009வரை நீண்ட போரையும் கண்டது. உடைந்த படகையும் நின்ற ஆலையையும் மீண்டும் ஓடச் செய்யும் கைகளின் அருமையை இங்குள்ளோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கொல்லனுடைய தீயும் சம்மட்டியும் எக்காலத்தும் ஒன்றே. அவை எதனை வடிக்கின்றன என்பதை மட்டும் அவன் நெஞ்சு தீர்மானிக்கின்றது.