இந்த வாரம் யார் முறை?

1980-களில் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் புகையான் தாக்கி நெல் வயல்கள் திட்டுத் திட்டாகக் கருகின. மருந்து அடிக்க அடிக்க, புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்தன, புகையானோ பெருகியது. 1986-ல் அந்நாட்டு அரசு, நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. ஆனால், மருந்து எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று வயலில் நின்று முடிவெடுக்க வேண்டியவர் விவசாயிதானே?

அதற்காக 1989-ல் அங்கே தொடங்கியதுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒரு காலை, ஒரு போகம் முழுக்கக் கூடுவார்கள். ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்கி, தூர் எத்தனை, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணுவார்கள். கண்டதைத் தாளில் வரைவார்கள். ஒருவர் எழுந்து விளக்க, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அடுத்த வாரம் விளக்குவது இன்னொருவர். இடத்தை ஒழுங்கு செய்வது, நேரம் பார்ப்பது போன்ற வேலைகளும் முறை வைத்து மாறும். பயிற்சி தருபவர் உடனே விடை சொல்ல மாட்டார். 'நீங்கள் என்ன பார்த்தீர்கள்?' என்று திருப்பிக் கேட்பார்.

ஒருவரையே நம்பியிருக்கும் குழு, அவர் வராத அன்றே படுத்துவிடும். இங்கே எல்லோரும் பேசிப் பழகியதால், விவசாயிகள் பலர் பின்னர் தாங்களே பள்ளி நடத்தும் பயிற்சியாளர்கள் ஆனார்கள்.

தமிழ்நாட்டிலும் வேளாண்மைத் துறை வயல்வெளிப் பள்ளிகளை நடத்துகிறது. உங்கள் ஊரில் நடந்தால், நோட்டும் பேச்சும் ஒருவர் கையிலேயே தங்கிவிட வேண்டாம். கூச்சப்பட்டுப் பின்னால் நிற்பவருக்கும் ஒரு வாரம் கொடுங்கள். பள்ளி முடிந்த பிறகும், வாரம் ஒருநாள் முறை வைத்து வயலைப் பாருங்கள்.