தடுமன் மாத்திரையும் லோரி ஸ்டேரிங்கும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவுக்குப் போயிருந்தேன். ஞாயிறு மாலை அங்கே கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்! சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. "அண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் நம் ஜொகூர் தோட்டத்துப் பையன். அவன் அப்பாவும் நானும் தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பையன் இப்போது அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் லோரி ஓட்டுகிறான். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கோத்து நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே இரண்டு வகை மாத்திரை, ஒரு பாட்டில் இருமல் மருந்து.

"என்னடா தம்பி இது, மருந்துக்கடையே வச்சிருக்க?"

"தடுமன்ணே. இந்த சினாரெஸ்ட்டும் பெனட்ரில்லும் ரூம்ல இருக்கிற தமிழ்நாட்டு அண்ணன் ஊர்லேருந்து கொண்டாந்தது. இன்னொன்னு இங்க வாங்குனேன். மூணையும் போட்டுட்டுப் படுத்தா சரியாயிடும். காலையில அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும். பின்னால பதினெட்டுப் பேரு."

அந்தப் பதினெட்டுப் பேர்தான் என்னைச் சும்மா விடவில்லை. சிங்கப்பூரில் லோரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்கள் யார்? அவர்களும் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தாமே.

நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் ஐயா கலக்கிக் கொடுத்த மிக்ஸ்சர் பலருக்கு நினைவிருக்கும். குடித்தால் கண்ணைச் சுழற்றும். "நல்ல மருந்து, உடனே தூக்கம் வருது" என்று பாராட்டுவோம். லயத்தில் படுத்துக் கிடப்பவனுக்கு அது நல்லதுதான். ஸ்டேரிங் பிடிப்பவனுக்கு?

நான் டாக்டர் இல்லை. ஆனால் சங்க வேலையில் விபத்துக் கேசுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூக்கு ஒழுகுவதை நிறுத்தும் பழைய வகை மருந்துகள் மூளைக்குள்ளும் போய் வேலை செய்கின்றன. குளோர்பெனிரமின் அதில் ஒன்று. பிரிட்டன் என்ற பெயரில் வரும் சின்ன மாத்திரை அதுதான். சினாரெஸ்ட்டிலும் அது கலந்திருக்கிறது. பெனட்ரில் இருமல் மருந்தில் இருப்பது டைபென்ஹைட்ரமின். அக்டிபெட்டில் டிரிப்ரோலிடின். இவற்றோடு புரோமெத்தசினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாமே தூக்கம் கொடுப்பவை. குளோர்பெனிரமின் உடம்பை விட்டு இறங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ராத்திரி போட்டோம், காலையில் தெளிந்துவிடும் என்ற கணக்கு அதனால் தப்பாகிவிடுகிறது.

"எனக்கு அதெல்லாம் தூக்கம் வராதுண்ணே, பழகிப்போச்சு" என்றான் பையன். இதைத்தான் எல்லா டிரைவரும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஐயோவா என்ற மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. நாற்பது ஓட்டுநர்களை நிஜக் கார் போலவே செய்த பொறியில் உட்காரவைத்து, ஒரு தடவை டைபென்ஹைட்ரமின், ஒரு தடவை சாராயம், ஒரு தடவை பெக்சோபெனடின் என்ற புதிய வகை மருந்து, ஒரு தடவை மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். டைபென்ஹைட்ரமின் குடித்தவர்களின் ஓட்டம் சாராயம் குடித்ததைவிட மோசமாக இருந்தது! அந்தச் சாராய அளவோ சிங்கப்பூர் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கும் மேலே. பெக்சோபெனடின் போட்டவர்கள் வெறும் மாத்திரை போட்டவர்களைப் போலவே ஓட்டினார்கள். இதைவிட முக்கியமான சங்கதி, தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலுக்கும் ஓட்டிய லட்சணத்துக்கும் சரியான பொருத்தம் இல்லை. கண் விழித்திருக்கும், கை தாமதிக்கும். அது அவனுக்கே தெரியாது.

சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 67ஆவது பிரிவில் மதுவோடு மருந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டினால், கடையில் காசு கொடுத்து வாங்கிய மருந்து என்று சொல்லித் தப்ப முடியாது.

பையனை அங்கேயே ஒரு மருந்துக்கடைக்கு இழுத்துப் போனேன். சாமான் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளிடம் கேட்காமல், பார்மசிஸ்ட் யார் என்று விசாரித்து, "இவன் லோரி ஓட்டுறவன், தூக்கம் வராத மருந்து வேணும்" என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியம் போதும். இதைச் சொல்லாமல் "தடுமனுக்கு மாத்திரை குடுங்க" என்றால் எது கைக்கு வரும் என்று யார் கண்டது? அந்த அம்மாள் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். இரண்டு மாத்திரையிலும் பாராசிட்டமோல் இருந்தது. பனடோலில் இருப்பதும் அதுவே. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. போனால் ஈரல் கெடும். தினமும் தண்ணி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த அளவுக்கும் போகவேண்டாம்.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் தனிப் பாராசிட்டமோல் போதும், மூக்கடைப்புக்கு உப்புநீர் ஸ்பிரே அடித்துக்கொள்ளலாம் என்றார். லோராடடின், பெக்சோபெனடின் பெரும்பாலும் தூக்கம் கொடுக்காதவை. ஆனால் அவை அலர்ஜித் தும்மலுக்குத்தான் நன்றாகக் கேட்கும், சாதாரணத் தடுமனுக்கு அவ்வளவாக உதவாது என்று ஒளிக்காமல் சொன்னார். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் கொடுக்கும். மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎபெட்ரின் தூக்கம் தராது. ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, ராத்திரித் தூக்கத்தையும் கெடுக்கும். தடுமனைக் குணப்படுத்தும் மருந்து என்று ஒன்று கிடையாது. ஒரு வாரம், பத்து நாளில் அதுவாகப் போகும்.

நம் பக்கம் வாங்கும் பெட்டியில் 'மெங்கந்துக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் 'டிரவ்சினெஸ்' என்று போட்டிருப்பான். தோட்டத்தில் டிராக்டரும் செம்பனைக் குலை லோரியும் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

சரி, பையன் ஏன் மூன்று மருந்தையும் ஒன்றாக விழுங்கப் பார்த்தான்? லீவு கேட்கப் பயம்! வேலை பெர்மிட் போய்விடுமோ என்ற பயம். சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி மூன்று மாதம் வேலை செய்தவருக்கு ஐந்து நாள், ஆறு மாதம் ஆனவருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டரிடம் எம்.சி. வாங்கவேண்டும், 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும். ஆட்களை ஏற்றும் லோரியில் டிரைவர் விழிப்பாக இருக்கிறாரா என்று கவனிக்க ஒரு துணை ஆள் வேண்டும் என்ற விதியும் 2023 ஜனவரியில் வந்திருக்கிறது. பக்கத்தில் உட்காருகிறவரிடம் "நான் மருந்து போட்டிருக்கேன்" என்று சொல்ல வெட்கம் எதற்கு?

செவ்வாய்க்கிழமை பையன் போன் செய்தான். திங்கள் விடிந்ததும் டாக்டரிடம் போய் இரண்டு நாள் எம்.சி. வாங்கினானாம். சூப்பர்வைசர் முணுமுணுத்திருக்கிறார். வண்டியை வேறு ஆள் எடுத்துப் போயிருக்கிறார். "நல்லாத் தூங்குனேண்ணே" என்றான்.