கழுத்தென்பும் முகத்தின் வளர்ச்சியும்

பிள்ளையின் பற்கள் முன்தள்ளியோ தாடை ஒடுங்கியோ காணப்பட்டால், பெற்றோர் வாயை மட்டுமே நோக்குகின்றனர். கழுத்தை எவரும் கவனிப்பதில்லை. ஆயினும், தலையைத் தாங்கும் ஏழு கழுத்து முள்ளென்புகளுக்கும் முகவென்புகளின் வளர்ச்சிக்கும் தொடர்புண்டு என்பதை அரை நூற்றாண்டு கால ஆய்வுகள் உணர்த்துகின்றன.

டென்மார்க்கின் பல் மருத்துவ ஆய்வாளர் பெனி சோலோ, டால்கிரென் என்பவருடன் இணைந்து 120 இளைஞர்களின் பக்கவாட்டு எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார். கழுத்தின் மீது தலையைப் பின்சாய்த்து வைத்திருப்போரின் முகம் நீண்டும் கீழ்த்தாடை கூடுதலாகச் சரிந்தும் காணப்பட்டது.

இதற்குச் சோலோவும் கிரைபோர்க்கும் 1977இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். மூக்கு அடைபட்ட பிள்ளை, சுவாசப் பாதையைத் திறந்து வைப்பதற்காகத் தலையைப் பின்சாய்க்கிறது. அப்போது முகத்தின் முன்புறத் தோலும் தசைகளும் இழுபடுகின்றன. அந்த இழுவிசை நெடுங்காலம் நீடிக்கும்போது, தாடை முன்னோக்கி வளராது கீழ்நோக்கி வளர்கிறது என்பதே அவ்விளக்கம். சுவீடனில் லின்டர்-அரோன்சன் நடத்திய ஆய்வுகளும் இதற்கு வலுச் சேர்த்தன. மூக்கின் பின்புறத்தேயுள்ள அடினொயிட் சதை அகற்றப்பட்டு, மூக்கால் சுவாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளில் தலையின் நிலையும் பற்களின் சாய்வும் இயல்பை நோக்கித் திரும்பின.

கழுத்தென்பு ஒரு காலங்காட்டியுமாகும். சிறுவயதில் தட்டையாக இருக்கும் இரண்டாம், மூன்றாம், நான்காம் முள்ளென்புகளின் அடிவிளிம்பு, வளர்ச்சியுடன் உட்குழிகிறது. அதனைக் கொண்டு தாடையின் துரித வளர்ச்சிக் காலத்தை வைத்தியர்கள் மதிப்பிட்டு, சிகிச்சைக்கு உரிய வேளையைத் தெரிவு செய்கின்றனர்.

எனினும், தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது. முகத்தின் அமைப்பில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. கழுத்தை நிமிர்த்தினால் முகம் மாறிவிடும் என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழப்பதில் பயனில்லை. வளர்ச்சி முற்றுப்பெற்ற முகவென்பைப் பயிற்சியால் மாற்றியமைக்க இயலாது.

நாம் செய்யக்கூடியது எளிதானது. வாய் திறந்தபடி உறங்கும், குறட்டை விடும், எந்நேரமும் வாயால் சுவாசிக்கும் பிள்ளையைத் 'தடிமன்தானே' என்று விட்டுவிடாது, காது மூக்குத் தொண்டை வைத்திய நிபுணரிடம் காலந்தாழ்த்தாது காட்ட வேண்டும். வளரும் பருவம் கடந்த பின்னர், இலகுவாகத் திருத்தியிருக்கக் கூடியதற்கும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.