தோல் தைக்கும் பெண்களும் தொழில் உரிமையாளர் ஆகலாம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் மானாவாரி நிலக்கடலையை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துவது கடினம். எனவே விவசாயக் குடும்பப் பெண்கள் பலர் தோல் தொழிலைத் துணைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். சிலர் ஷூ தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். வேறு சிலர் தரகர் கொண்டுவரும் 'அப்பர்' எனப்படும் ஷூ மேல்பாகத்தை வீட்டிலேயே தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றனர். கைத்திறன் இவர்களுடையது; தொழிலோ பிறர் பெயரில் உள்ளது. இந்நிலையை மாற்றிக்கொள்ள வழி உண்டு.

கொள்முதல் ஆணை

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் கொள்முதல் ஆணை 2012 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2018-இல் இது திருத்தப்பட்டது. இதன்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 100 ரூபாய்க்கு 25 ரூபாய் அளவுக்கு இத்தொழில்களிடம் வாங்க வேண்டும். அந்த 25 ரூபாய்க்குள் 4 ரூபாய் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கும், 3 ரூபாய் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் உரியது. இராணிப்பேட்டையிலுள்ள பெல் ஆலையும் பொதுத்துறையைச் சேர்ந்ததே. தனியார் ஷூ ஆலைகளை இந்த ஆணை கட்டுப்படுத்தாது.

யார் உரிமையாளர்?

கூலிக்குத் தைப்பவர் இக்கணக்கில் வரமாட்டார். தனி உரிமைத் தொழில் என்றால் அது பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். கூட்டுத் தொழில் என்றால் பெண்களின் பங்கு 51 சதத்துக்குக் குறையக்கூடாது. வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இச்சலுகை இல்லை. தரகர் சொல்கிறார் என்பதற்காகப் பெயரை மட்டும் கொடுத்துக் கையெழுத்திடுவது ஆபத்து. லாபம் அவருக்குப் போகும். கடன் பெண்ணின் தலையில் விழும்.

விலைக் கணக்கு

பெரிய நிறுவனம் ஒரு தோல் கையுறைக்கு 100 ரூபாய் விலை கூறுவதாகக் கொள்வோம். பெண்கள் குழு 112 ரூபாய் கேட்டாலும் வாய்ப்பு உண்டு. வேறுபாடு 15 சதத்துக்குள் இருப்பதால், 100 ரூபாய்க்குத் தரச் சம்மதித்தால் மொத்தத் தேவையில் 25 சதம் வரை குறு, சிறு தொழில்களுக்குக் கிடைக்கும். 112 ரூபாய் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தோல், நூல், கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குக் கட்டுபடியாகுமா என்று முதலில் கணக்கிட வேண்டும்.

பணம் வந்து சேர

2006-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் ஆலை உட்பட வாங்குபவர் எவருக்கும் பொருந்தும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும்; அந்தக் கெடு 45 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. கூலியாள் இந்தச் சட்டப்படி கேட்க முடியாது; பதிவு பெற்ற தொழில் கேட்கலாம். பெயரைப் பதிவதன் பெரும் பயன் இதுவே.

செய்ய வேண்டியவை

1. நன்கு தைக்கத் தெரிந்த, ஒருவரையொருவர் அறிந்த நாலைந்து பெண்கள் சேர்ந்து, பங்கை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. ஆதார், பான் எண்களுடன் 'உத்யம்' பதிவு செய்ய வேண்டும். இது முற்றிலும் இலவசம். இதற்குக் கட்டணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

3. 'ஜெம்' எனப்படும் அரசு மின்சந்தையில் விற்பனையாளராகச் சேரலாம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒப்பந்தப்புள்ளி படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையும் கட்டத் தேவையில்லை.

4. தரமும் கெடுவும் தவறக் கூடாது. முதலில் சிறிய ஆர்டரையே ஏற்க வேண்டும்.

வேப்பம் பிண்ணாக்கு, கடலை எண்ணெய் தயாரிக்கும் மகளிர் குழுக்களுக்கும் இவ்வழி பொருந்தும். வெறும் சாகுபடிக்கு உத்யம் பதிவு இல்லை. ஆர்டர் உறுதி என்று எந்த ஆணையும் சொல்லவில்லை; போட்டியில் நிற்க இடம் தருகிறது, அவ்வளவே. விவரங்களுக்கு வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்ட விவசாயப் பெருமக்கள் தத்தம் மாவட்டத் தொழில் மையத்தை அணுகிப் பயன் பெறலாம்.