திருகோணமலையில் நிற்கும் போர்க்கலங்கள்: எது எதற்காக வந்தது?

திருகோணமலை உள்துறைமுகத்தில் ஒரு கடற்படைக் கலம் நகரும்போது பார்ப்பவர் கண் முதலில் அதன் பீரங்கிக்குத்தான் போகும். அதைவிடக் கூடுதலாகத் தகவல் தருவது பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் எழுத்தும் இலக்கமும். 'பி 4' என்று தொடங்கினால் அது அதிவேகத் தாக்குதல் படகு, ஊரில் எல்லோரும் டோரா என்று சொல்லும் வகை. 'பி 6' என்று தொடங்கினால் ஆழ்கடல் ரோந்துக் கப்பல். 'எல்' என்றால் ஆட்களையும் வாகனங்களையும் கரையில் இறக்கும் தரையிறங்கு கலம்.

இவை ஒரே திட்டத்தில் ஒன்றாக வாங்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வகையும் ஒரு காலத்து எதிரியை மனதில் வைத்து வந்தது. எதிரி மாறினான், புதுக் கலம் வந்தது. பழையது பெரும்பாலும் போகவில்லை. இலங்கைப் படைகளிடம் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அறிய இந்தத் துறைமுகத்தைவிடத் தெளிவான இடம் நாட்டில் இல்லை. கிழக்குக் கடற்படைக் கட்டளையகமும் கடற்படைக் கல்வியகமும் இங்குதான் இருக்கின்றன. சீனன்குடாவில் விமானப்படையின் பயிற்சித் தளம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம். முப்படையும் ஒரே நகரத்தில்.

கடலைப் பார்த்த பீரங்கி

பிரிட்டிஷார் இந்தத் துறைமுகத்தை வைத்திருந்தது பெரிய போர்க்கப்பல்களுக்காக. ஆழமான நீர், சுற்றிலும் குன்றுகள், வாசல் ஒடுக்கம். எண்ணெயில் ஓடும் கப்பல்கள் வந்ததும் சீனன்குடாக் காட்டுக்குள் எண்ணெய்க் குதங்களைக் கட்டினார்கள். அவற்றில் 99 இன்றும் நிற்கின்றன. துறைமுக வாயைக் காக்க ஒஸ்டன்பேர்க் மேட்டில் கடலைப் பார்த்துப் பீரங்கிகளை நிறுத்தினார்கள்.

1942 ஏப்ரல் 9 காலையில் ஆபத்து வானத்தில் இருந்து வந்தது. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டு வீசித் தாக்கின. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த 'ஹேர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து அன்றே மூழ்கடித்தன. கப்பலை எதிர்பார்த்து நிறுத்திய பீரங்கிகளால் அன்று ஒரு பயனும் இல்லை.

1950இல் தொடங்கிய இலங்கைக் கடற்படையிடம் 1957 ஒக்டோபரில் இந்தத் தளம் வந்து சேர்ந்தது. பழைய பீரங்கிகள் சில இப்போது கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பீரங்கித் தளம் என்ற பொருளில் 'கன் சைட்' என்று அழைக்கப்பட்ட இடத்துக்கு வேறொரு வரலாறு சேர்ந்தது. 2015 நவம்பரில் தளத்துக்குள் சென்று பார்த்த ஐக்கிய நாடுகள் சபையின் காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழு, அங்கே இரகசியத் தடுப்பு அறைகள் இருந்ததாக அறிவித்தது. ஆயுதத்துக்காகக் கட்டிய இடம், ஆயுதம் போனபின் எதற்குப் பயன்படுகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

கட்டியிருந்த இடத்திலேயே மூழ்கிய கப்பல்கள்

1995 ஏப்ரல் 19. சந்திரிகா அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான யுத்த நிறுத்தம் மூன்று மாதத்தைக் கடந்திருந்தது. அன்று கடற்புலிகளின் நீரடி நீச்சல் அணி உள்துறைமுகத்துக்குள் வந்து, 'சூரயா', 'ரணசுரு' என்ற இரண்டு பீரங்கிப் படகுகளையும் குண்டு பொருத்தித் தகர்த்தது. யுத்த நிறுத்தம் அத்தோடு முடிந்தது. இரண்டுமே சீனாவில் கட்டிய ஷாங்காய் வகை. அந்த வகையில் பீரங்கிகளுக்குக் குறைவில்லை. ஆனால் நீருக்கடியில் வரும் மனிதனைப் பீரங்கி பார்ப்பதில்லை.

2008 மே 10இல், கிழக்கு மாகாணசபைத் தேர்தல் நாளன்று, அதே முறையில் 'ஏ 520' என்ற விநியோகக் கப்பல் இதே துறைமுகத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 26இல் புலிகளின் சிறு விமானம் தளத்தின் மீது குண்டு போட்டது. நீருக்கு மேலும் கீழும் வானிலும் காவல் வேண்டியிருந்த தளம் இது. நகர மக்களுக்கு அந்தக் காவல் அனுமதிப் பாஸ் ஆகவும், இரவில் கடலுக்குப் போகத் தடையாகவும், படகு இயந்திரத்தின் குதிரைவலுவுக்கு வரம்பாகவும் வந்தது.

டோரா: வேகம் என்ன வேலை செய்தது?

இஸ்ரேலில் கட்டிய டோராப் படகுகள் 1980களில் வரத் தொடங்கின. சுமார் 22 மீற்றர் நீளம், மெல்லிய உலோக உடல், இரண்டு டீசல் இயந்திரங்கள். அடுத்து சுப்பர் டோரா வந்தது, பிறகு ஷல்டாக். கொழும்புக் கப்பல் கட்டும் நிறுவனமும் அந்த அளவில் படகுகளைக் கட்டியது. பிந்திய வகைகளின் வேகம் மணிக்கு 45 கடல் மைலைத் தொடும். தரைக் கணக்கில் 80 கிலோமீற்றருக்கு மேல். இந்தப் படகுகளை இயக்கிய நான்காவது அதிவேகத் தாக்குதல் படகு அணியின் தளம் திருகோணமலை.

இவ்வளவு வேகம் எப்படி வருகிறது? சாதாரணக் கப்பல் நீரைப் பிளந்துகொண்டு போகிறது. வேகம் கூடக்கூட நீரின் தடையும் கூடும். டோரா போன்ற படகு ஒரு வேகத்தைத் தாண்டியதும் முன்பாகத்தைத் தூக்கி, நீரின் மேல் வழுக்கத் தொடங்கும். நீரில் தோயும் பாகம் குறைவதால் தடை குறைகிறது. சில வகைகளில் காற்றாடிக்குப் பதில் நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் இயந்திரம் உண்டு. கொக்கிளாய் போன்ற ஆழமில்லாத களப்பு வாயிலும் அது ஓடும். விலை எரிபொருள்தான்: உச்ச வேகத்தில் ஓடும் படகு நெடுநேரம் கடலில் நிற்க முடியாது.

அடுத்த சிக்கல் குறி. அலையில் ஆடும் படகில் இருந்து, அலையில் ஆடும் இன்னொரு படகைச் சுடுவது ஊஞ்சலில் நின்றபடி மாங்காய்க்குக் கல்லெறிவது போன்றது. இதற்குத்தான் இஸ்ரேலின் டைபூன் பீரங்கி மேடை வாங்கப்பட்டது. படகின் ஆட்டத்தைச் சுழல்காட்டி அளக்கும், மோட்டார்கள் குழலை அதற்கு எதிராகத் திருப்பி நேராக வைத்திருக்கும். இருட்டில் வெப்பத்தைக் காணும் கமரா இலக்கைக் காட்டும். சுடுபவர் மேல்தளத்தில் நிற்க வேண்டியதில்லை. படகுக்குள் திரை முன் இருந்தே சுடலாம்.

சிறுபடகுக்குச் சிறுபடகு

வேகமும் டைபூனும் இருந்தும் டோராக்கள் இழக்கப்பட்டன. கடற்புலிகள் கண்ணாடியிழைப் படகுகளில் கூட்டமாக வந்தார்கள். நீர்மட்டத்தை ஒட்டி ஓடும் அந்தப் படகுகள் ராடாரில் சரியாகத் தெரிவதில்லை. பல படகுகள் ஒரு டோராவைச் சுற்றிச் சுடும். இடையில் வெடிமருந்து நிரப்பிய கரும்புலிப் படகு ஒன்று புகுந்துவிடும். ஒரு டோராவை இழந்தால் பெருந்தொகைப் பணத்தோடு பயிற்சி பெற்ற மாலுமிகளும் போவார்கள். எதிர்த்தரப்புக்குச் செலவு ஒரு கண்ணாடியிழைப் படகும், அதை ஓட்டிச் சாகத் துணிந்த ஒருவரும்.

2006ஐ ஒட்டிக் கடற்படை தானும் சிறுபடகுக்கு இறங்கியது. 23 அடி நீளமுள்ள 'ஏரோ' படகை உள்ளூரிலேயே நூற்றுக்கும் மேலாகக் கட்டினார்கள். கண்ணாடியிழை உடல், வெளியிணைப்பு இயந்திரங்கள், கனரகத் துப்பாக்கி, அவ்வளவுதான். மீனவர் படகுக்கும் அதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்குப் பின்னால் இருந்த கணக்கைக் கடற்படை அதிகாரிகள் லான்செஸ்டர் விதி என்று குறிப்பிடுவார்கள். முதல் உலகப் போர்க் காலத்து ஆங்கிலப் பொறியியலாளரின் கணக்கு அது: ஒரே தரமான ஆயுதத்தோடு இரு தரப்பும் நேருக்கு நேர் சுடும்போது, எண்ணிக்கை இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்காகும். பத்துப் படகு வந்தால் முப்பது படகை அனுப்பு என்பதே அதன் நடைமுறை வடிவம்.

இலங்கைக் கடற்படை வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தது வாங்கிய ஆயுதத்தால் அல்ல, எதிரியிடம் கற்ற இந்தப் பாடத்தால்.

கொட்டியாரக்குடாவின் மறுகரை

திருகோணமலையில் கடற்போரைத் தனியாகப் பார்க்க முடியாது. குடாவின் தெற்குக் கரையில் சம்பூர் புலிகளிடம் இருந்தவரை அங்கிருந்து எறியும் ஷெல் துறைமுகத்தை எட்டும். 2006 யூலையில் மாவிலாறு அணை மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை, செப்டெம்பர் 4இல் இராணுவம் சம்பூரைப் பிடித்ததில் போய் நின்றது.

அந்தச் சண்டையில் ஊர்கள் கண்டவை: கிபீர் போர்விமானம், ஷெல், மல்டி பரல். மல்டி பரல் என்ற பல்குழல் எறிகணை வாகனம் செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பு. ஒரு லொறியில் 40 குழாய்கள், ஒவ்வொன்றிலும் 122 மில்லிமீற்றர் ரொக்கெட். ஒரு நிமிடம் ஆகுமுன் நாற்பதும் 20 கிலோமீற்றர் தூரம்வரை போய்விடும். ஒரு புள்ளியைக் குறிவைக்கும் ஆயுதம் அல்ல இது, பரப்பை அடிக்கும் ஆயுதம். அந்தப் பரப்பில் ஊர் இருந்தால் ஊரும் சேர்ந்து அடிபடும். மூதூர் மக்கள் கந்தளாய் நோக்கி ஆயிரக்கணக்கில் ஓடியது இரு தரப்பு எறிகணைகளுக்கும் இடையில்.

வீதியில் கண்டது பவள். தென்னாபிரிக்காவில் இருந்து வந்த இந்தக் கவச வாகனத்தின் அடிப்பாகம் 'வி' வடிவில் இருக்கும். கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் இரு பக்கமும் பிரிந்து போகும், உள்ளே இருப்பவர் தப்புவர். இராணுவம் பின்னர் அதையே 'யூனிபவள்' என்று உள்நாட்டில் கட்டியது.

2006 ஓகஸ்ட் 4இல் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் அலுவலக வளவுக்குள் கிட்டவைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பல்குழலோ கிபீரோ தேவைப்படவில்லை. கனரக ஆயுதங்களின் பட்டியலை மட்டும் பார்த்துப் போரை அளப்பவர்கள் துப்பாக்கியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

சம்பூர் மக்கள் ஊருக்குத் திரும்பத் தொடங்க 2015 ஆனது. கடற்படை முகாம் இருந்த காணி 2016இல்தான் கைமாறியது. படைக்கலம் வந்து இறங்கும் இடமும் யாரோ ஒருவருடைய காணிதான்.

இப்போது வருபவை பெரிய கப்பல்கள்

2009இல் போர் முடிந்தபின் கரையோரத்தில் சண்டை இல்லை. கடற்படையின் பார்வை தூரத்துக் கடலுக்குப் போனது. இலங்கையின் பிரத்தியேகப் பொருளாதார வலயம் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீற்றர்; நாட்டின் நிலப்பரப்பைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. அங்கே டோரா போதாது. வாரக்கணக்கில் கடலில் நிற்கும் கப்பல் வேண்டும்.

வந்தவற்றைப் பாருங்கள். 'சயுரல', 'சிந்துரல' இரண்டும் கோவாவில் கட்டிய புதிய கப்பல்கள். 2017, 2018இல் சேவைக்கு வந்தன. 'கஜபாகு' அமெரிக்கக் கரையோரக் காவல்படையில் அரை நூற்றாண்டு ஓடிய கப்பல், 115 மீற்றர் நீளம், 2019இல் இணைந்தது. அதே ஆண்டில் சீனா கொடுத்த 'பராக்கிரமபாகு' வந்தது. 2022இல் இன்னொரு பழைய அமெரிக்கக் கப்பல் 'விஜயபாகு' ஆனது. அதே ஆண்டு ஓகஸ்ட் 15இல் இந்தியா ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானத்தைக் கையளித்தது. மறுநாள் சீனாவின் 'யுவான் வாங் 5' ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது.

இந்தியா, அமெரிக்கா, சீனா மூன்றுக்கும் இந்துசமுத்திரத்தில் அக்கறை உண்டு. கப்பல் கொடுப்பது அதன் ஒரு வழி. பெறும் நாட்டுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. மூன்று நாட்டு இயந்திரங்களுக்கு மூன்று வகை உதிரிப்பாகங்கள், மூன்று வகைப் பயிற்சி. கப்பல் இலவசமாக வரலாம். அதை ஓட்டும் டீசல் இலவசமாக வராது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆயுதம் இல்லாத ஆபத்து

2020 செப்டெம்பர் 3இல் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெயுடன் போன 'நியூ டயமண்ட்' கப்பல் அம்பாறைச் சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் தீப்பற்றியது. இலங்கைக் கடற்படைக் கப்பல்கள் விரைந்தன. இந்தியக் கரையோரக் காவல்படையும் வந்தது. அன்று தேவைப்பட்டது தண்ணீர் பீய்ச்சும் குழாயும் நுரையும் இழுவைக் கப்பலும். எண்ணெய் கரைக்கு வந்திருந்தால் கிழக்கின் மீன்பிடி ஒரு தலைமுறைக்குத் தலைதூக்கியிராது. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் கண்ட படகில் இருந்த நூற்றுக்கும் அதிகமான றோகிஞ்சா அகதிகள் திருகோணமலைத் துறைமுகத்துக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். அதற்கு வேண்டியது உணவும் மருத்துவரும்.

2023 ஜனவரியில் அரசு, இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணியை 2 இலட்சத்தில் இருந்து 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆளைக் குறைக்கும் பேச்சு வந்த அளவுக்கு, எந்தக் கலம் வேண்டும், எது வேண்டாம் என்ற பேச்சு வெளியே வரவில்லை. அடுத்த கப்பல் கையளிக்கப்படும்போது பத்திரிகைகளில் பீரங்கியின் அளவும் கப்பலின் நீளமும் வரும். கேட்க வேண்டியவை வேறு: ஒரு முறை எண்ணெய் நிரப்பி எத்தனை நாள் கடலில் நிற்கும்? உதிரிப்பாகம் யாரிடம் இருந்து, எத்தனை வருடத்துக்கு? எரியும் எண்ணெய்க் கப்பலை இழுக்க முடியுமா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் வரும் கப்பல், 1942இல் கடலைப் பார்த்து நின்ற பீரங்கியைப் போல, வராத எதிரிக்காகவே காத்திருக்கும்; செலவு மட்டும் வருடாவருடம் வரும்.