காட்டுப் பாதையும் நம் கடமையும்

மும்பையிலும் புனேயிலும் வாழும் தமிழன்பர் பலர், விடுமுறை நாட்களில் குழுவாகச் சேர்ந்து மாதேரான் மலைக்குச் செல்வதுண்டு. 1907ஆம் ஆண்டில் சிற்றிரயில் ஏறிய அம்மலையூருக்குள் மோட்டார் கார்கள் நுழைவதில்லை. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், மரநிழலினூடே செம்மண் பாதைகளில் நடப்பதே அங்குள்ள இன்பம்.

அப்பாதைகளைக் கெடுப்பது மழை மட்டுமன்று, நாமுந்தான். வளைவைச் சுற்றிச் செல்லச் சோம்பிக் குறுக்கே இறங்குகிறோம். மிதிபட்ட இடத்தில் புல் அழிகிறது, மண் இறுகுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பெருமழை அத்தடத்தையே வாய்க்காலாக்கி மண்ணை வாரிச் செல்கிறது. மரவேர்கள் வெளிப்பட்டு, மரமே சாயும் நிலை நேர்கிறது.

இதற்குப் பரிகாரம் யாது? நடப்பதற்கெனச் சேரும் குழுவே, ஆண்டில் சில நாட்கள் சிரமதானத்திற்கும் சேரலாம். முதற்கண் வனத்துறையின் அனுமதி பெறுதல் வேண்டும். பாதையின் குறுக்கே கற்களைச் சாய்வாகப் பதித்தால், நீர் ஓரமாக ஒதுங்கிவிடும். குறுக்குத் தடங்களை உலர்ந்த கிளைகளால் அடைத்தால், புல் மீண்டும் தழைக்கும். மழைக்கு முன்னரே இவ்வேலையை முடித்தல் நலம்.

செல்லும்போது வழியறிந்தவர் ஒருவர் முன்னேயும், பொறுப்புள்ளவர் ஒருவர் கடைசியிலும் நடக்கட்டும். மெல்ல நடப்பவரின் வேகமே அனைவரின் வேகமாகட்டும்.

மராத்தி அன்பர்களையும் உடன் அழைப்போம். பிழைக்க வந்த நாட்டின் மண்ணை நம் கையாலேயே காத்தபின், அம்மண் நமக்கு அயலாக இராது.